சாலைக் கோடுகளும் தட விதிகளும்: வாகனம் ஓட்டப் பழகுவோருக்கு

சாலையின் மேற்பரப்பில் வரையப்படும் கோடுகள், அம்புகள், கட்டங்கள், எழுத்துகள் ஆகியவை சாலைக் குறியீடுகள் எனப்படும். ஓரத்தில் நிற்கும் பலகையைப் போலவே இவையும் ஓட்டுநருக்கு இடப்படும் கட்டளைகளே. பலகையைப் படிக்கக் கண்ணைச் சற்றுத் திருப்ப வேண்டும். கோடோ பார்வை செல்லும் பாதையிலேயே கிடக்கிறது. இந்தியாவில் இவற்றின் வடிவம், நிறம், அளவு ஆகியவற்றை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் ஐ.ஆர்.சி. 35 என்னும் விதிநூல் வகுக்கிறது. 1970-இல் முதலில் வெளிவந்த இந்நூல் 1997-இலும் 2015-இலும் திருத்தப்பட்டது.

நம் ஊர்களில் ஓட்டப் பழகுவோர் பெரும்பாலும் மைதானத்தில் எட்டுப் போடுவதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகிறார்கள். எட்டுப் போடுவது வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனைக் காட்டும். எதிரே வரும் மனிதரோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அது கற்றுத் தராது. அதைக் கற்றுத் தருபவை கோடுகளே.

மூன்று வகைச் சாலைகள்

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் வண்டி ஓட்டப் பழகும் ஒருவர் விரைவிலேயே மூன்று வகைச் சாலைகளைச் சந்திப்பார். முதலாவது, கோடே இல்லாத ஊராட்சிச் சாலை. இரண்டாவது, விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையைப் போன்ற, நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. மூன்றாவது, வேப்பூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் போன்ற, நடுத்தடுப்புடன் கூடிய நான்குவழிச் சாலை. மூன்றுக்கும் அடிப்படை விதி ஒன்றே: இடப்பக்கம் செல், முந்துவதானால் வலப்பக்கமாக முந்து. இந்த விதியை எவ்விடத்தில் எப்படிப் பின்பற்றுவது என்பதையே கோடுகள் சொல்கின்றன.

நீளவாக்கில் செல்லும் கோடுகள்

விட்டுவிட்டு வரும் கோடு: எதிர்த்திசை தெளிவாக இருந்தால் இதைக் கடந்து முந்தலாம். கடக்கலாம் என்பது அனுமதியே. கடந்தாக வேண்டும் என்ற பொருள் இல்லை. ஆபத்தான இடம் நெருங்கும்போது கோட்டுத் துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது, முந்தத் தொடங்கியவர் சீக்கிரம் தம் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை.

தொடர் கோடு: இதைக் கடந்து முந்தக் கூடாது. வளைவு, மேடு, குறுகிய பாலம், இருப்புப்பாதைக் கடவு முதலிய இடங்களில் இது வரையப்படுகிறது. எதிரே வருவது அங்கே நம் கண்ணுக்குத் தெரியாது, அல்லது விலகிக்கொள்ள இடம் இருக்காது. இக்கோடு மஞ்சள் நிறத்தில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும்.

இரட்டைக் கோடு: இரண்டும் தொடர் கோடுகளானால் எந்தப் பக்கத்தவரும் கடக்கக் கூடாது. ஒன்று தொடர் கோடாகவும் மற்றொன்று விட்டுவிட்டும் இருந்தால், நம் பக்கத்தில் உள்ள கோடு எதுவோ அதுவே நமக்கான விதி. நம் பக்கம் விட்டுவிட்டு வந்தால் முந்தலாம்; நம் பக்கம் தொடர்ந்து வந்தால் முந்தக் கூடாது. மேட்டில் ஏறுபவருக்கு மறைந்திருக்கும் சாலை, இறங்குபவருக்குத் தெளிவாகத் தெரியலாம். அதனால்தான் ஒரே இடத்தில் இருவருக்கும் வெவ்வேறு விதி.

ஓரக் கோடு: தார்ச்சாலை முடியும் விளிம்பைக் காட்டும் வெள்ளைத் தொடர் கோடு. இரவில் எதிர் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்போது, பார்வையைச் சற்று இடப்புறம் தாழ்த்தி இக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

குறுக்குக் கோடுகளும் பிற குறியீடுகளும்

சந்திப்பிலும் சிக்னலிலும் குறுக்கே வரையப்பட்ட தடித்த வெள்ளைக் கோடு நிறுத்தக் கோடு. வண்டியின் முன்சக்கரம் மட்டுமல்ல, முன்பகுதி முழுவதும் இதற்குப் பின்னால் நிற்க வேண்டும். இதை அடுத்து வரும் வெள்ளைப் பட்டைகள் பாதசாரிகள் கடக்கும் இடம். பள்ளி வாசலில் இப்பட்டைகள் மீது வண்டியை நிறுத்தினால், கடக்க வேண்டிய பிள்ளை வண்டியைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வரும். சிறு பிள்ளையின் தலை காரின் முகப்பு உயரத்தைத் தாண்டாது என்பதால் அடுத்த தடத்தில் வருபவருக்கு அப்பிள்ளை தெரியாது.

நகரச் சந்திப்புகளில் காணப்படும் மஞ்சள் குறுக்குக்கட்டம், பச்சை விளக்கு எரிந்தாலும் வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே நுழையாதே என்று சொல்கிறது. தடத்தின் மீதுள்ள அம்பு, அத்தடத்தில் இருப்பவர் எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும். அம்பைக் கண்ட பிறகு தடம் மாறுவது தாமதம். ஆகவே, திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகுமுன்னரே உரிய தடத்துக்கு வந்துவிட வேண்டும். இடப்பக்கம் திரும்புபவர் இடது ஓரத்தை ஒட்டியும், வலப்பக்கம் திரும்புபவர் சாலை நடுவை ஒட்டியும் வருவதே முறை.

தடத்தில் ஓட்டுதல்

நான்குவழிச் சாலையில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு தடங்கள். இடத்தடம் இயல்பாகச் செல்வதற்கு, வலத்தடம் முந்துவதற்கு. முந்தி முடித்ததும் இடத்தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வலத்தடத்திலேயே மெதுவாகச் செல்லும் வண்டி, பின்னால் வருபவரை இடப்பக்கமாக முந்தத் தூண்டுகிறது. கனரக வண்டி ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில் பார்வை எட்டாத பகுதி பெரிது. அங்கே நுழையும் இருசக்கர வண்டியை அவர் காணாமலே போகலாம்.

கோட்டின் மீதே வண்டியை ஓட்டிச் செல்வது பலரிடம் உள்ள பழக்கம். அவர் எந்தத் தடத்தில் இருக்கிறார் என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது. தடம் மாறும்போது நான்கு படிகளை வரிசையாகச் செய்ய வேண்டும்: கண்ணாடியில் பார்த்தல், இண்டிகேட்டர் போடுதல், தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தல், பிறகு மெல்ல நகர்தல். இண்டிகேட்டர் நம் விருப்பத்தை அறிவிக்கிறது. அது நமக்கு முன்னுரிமை எதையும் தருவதில்லை.

நடுத்தடுப்பில் திறப்பு தொலைவில் இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓட்டிச் செல்வது நான்குவழிச் சாலையில் மிகக் கொடிய தவறு. அங்கே வருபவர் எதிரே வண்டி வரும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. இருவரும் 60 கி.மீ. வேகத்தில் வந்தால் மோதலில் இரு வேகங்களும் சேர்கின்றன.

முந்துவதற்கு ஒரு கணக்கு

கரும்பு ஏற்றிய டிராக்டர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் முன்னால் செல்கிறது என்று கொள்வோம். நாம் 60 கி.மீ. வேகத்தில் அதை முந்துகிறோம். வேக வேறுபாடு 20 கி.மீ., அதாவது நொடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர். முந்துமுன் விடும் இடைவெளி, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த நீளம், நம் வண்டி நீளம், முந்தியபின் விடும் இடைவெளி ஆகிய யாவும் சேர்ந்து 50 மீட்டர் என்றால், முந்தி முடிக்க 9 நொடி ஆகும். அந்த 9 நொடியில் நாம் 150 மீட்டர் சென்றிருப்போம். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்தும் 150 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்தத் தொடங்கும் கணத்தில் குறைந்தது 300 மீட்டர் சாலை நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். சற்று ஏற்ற இறக்கமான இடத்தில் 100 மீட்டர்கூடத் தெரியாது. அந்த இடத்தில்தான் தொடர் கோடு போடப்பட்டிருக்கும்.

கோடு இல்லாதபோது

ஊராட்சிச் சாலைகளில் கோடு இருக்காது. நெடுஞ்சாலையிலும் தேய்ந்து போகலாம். அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல்லுக்கடியில் மறைந்தும் போகலாம். கோடு மறைந்தாலும் விதி மறைவதில்லை. நடுவில் ஒரு கோடு இருப்பதாக மனத்தில் கொண்டு அதற்கு இடப்பக்கமே செல்ல வேண்டும். வளைவு, பாலம், மேடு, சந்திப்பு ஆகியவற்றில் தொடர் கோடு இருப்பதாகவே கருத வேண்டும். தானியம் பரப்பிய இடத்தில் எதிரே வருபவர் நம் பக்கத்துக்கு ஒதுங்குவார். தானியத்தின் மீது பிரேக் பிடித்தால் இருசக்கர வண்டி வழுக்கும். எனவே முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இரவும் மழையும்

சாலைக் கோடுகளுக்கான வண்ணக் கலவையில் நுண்ணிய கண்ணாடி மணிகள் சேர்க்கப்படுகின்றன. விளக்கொளி அவற்றில் பட்டு ஓட்டுநரை நோக்கியே திரும்புவதால் கோடு இரவில் ஒளிர்கிறது. மழைநீர் படலமாக நிற்கும்போது இந்த ஒளிர்வு வெகுவாகக் குறையும். கோடு தெரியவில்லை என்றால் வேகம் மிகுதி என்று பொருள். கோட்டோடு பதிக்கப்படும் ஒளிரும் குமிழ்கள் அப்போது உதவும். இவற்றுக்கு முன்னோடியான ‘பூனைக்கண்’ குமிழை 1934-இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா உருவாக்கினார்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 தட விதிகளைக் கூறுகின்றன. இவை 1989-ஆம் ஆண்டின் பழைய சாலை விதிகளுக்கு மாற்றாக வந்தவை. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், சட்டத்துக்கு மாறாக முந்துவதையும் போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவதையும் அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் (பிரிவு 184) சேர்த்தது.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். பழகும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநர் உடனிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் ஓட்டுவோருக்கு

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே இடப்பக்கம் செல்கிறார்கள். கனடாவிலும் பிரான்சிலும் வலப்பக்கம். கனடாவில் எதிரெதிர்த் திசைகளை மஞ்சள் கோடும், ஒரே திசையில் செல்லும் தடங்களை வெள்ளைக் கோடும் பிரிக்கின்றன. அங்கே உரிமம் பெற விரும்புவோர் இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைத் தொடாமலே பழகலாம்

பேருந்தில் முன் இருக்கை கிடைத்தால் சாலையைப் பார்த்து வாருங்கள். ஒவ்வொரு கோடும் மாறும் இடத்தில் ஏன் மாறியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடர் கோடு தொடங்கினால் வளைவோ பாலமோ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஓட்டுநர் முந்தும்போது, தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தால், கைப்பிடியையோ ஸ்டீயரிங்கையோ பிடிக்கும்போது கண் தானாகவே கோட்டைத் தேடும்.