வாவி நண்டும் மிளகுச் சாறும்

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனை நினைப்பது பலரது வழக்கம். நிலாக் காலத்திற் கல்லடிப் பாலத்தடியில் அவ்வோசைக்குச் செவி சாய்த்திருப்போரும், வீடு திரும்பியதும் நாடுவது அடுப்பிற் கொதிக்கும் நண்டுச் சாற்றையே. வடக்கே ஏறாவூர்ப் பக்கந் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கரையோரக் கண்டல் வேர்களிடையே, சேற்றில் வளை தோண்டி வாழ்வது சேற்று நண்டு. அதனைச் சுவைபடச் சமைப்பதற்குக் கைப்பக்குவம் மட்டும் போதாது. நண்டைப் பற்றிய அறிவும் வேண்டும்.

முதலாவது, தெரிவு. நண்டு உயிருடன் இருத்தல் வேண்டும். இறந்த நண்டின் செரிமான நீர் அதன் தசையையே கரைக்கத் தொடங்கும். நுண்ணுயிர்களும் விரைந்து பெருகும். அளவிற்கு ஏற்ற கனமுடைய நண்டே தசை நிறைந்தது. அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பருத்துத் தோன்றினும், உள்ளே பெரும்பாலும் நீரே இருக்கும்.

அடுத்தது, சமையல். நால்வருக்கு ஒரு கிலோ நண்டு போதும். அரை மணி நேரம் பனிக்கட்டியில் வைத்தால் நண்டு உணர்விழந்து அடங்கும். பின்னர் வெட்டி, ஓட்டை நீக்கி, பஞ்சு போன்ற செவுள்களைக் களைந்து கழுவுக. கால்களைச் சற்றே தட்டி உடைத்தால் உட்சாறு நீரில் இறங்கும். மிளகு இரண்டு தேக்கரண்டி, மல்லி இரண்டு, நற்சீரகம் ஒன்று, செத்தல் மிளகாய் மூன்று, உள்ளி எட்டுப் பல் ஆகியவற்றை அரைத்தெடுக்க. சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் எண்ணெயில் வதக்கி, அரைத்த கூட்டு, மஞ்சள், உப்பு, நண்டு, ஆறு கோப்பை நீர் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுக. ஓடு செந்நிறமாவது எதனால்? ஓட்டிற் புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்த செந்நிறப் பொருள், வெப்பத்தால் அப்பிணைப்பு அறுபட்டு வெளிப்படுவதனாலேயே. பின்னர்ச் சிறிது பழப்புளிக் கரைசலும், ஒரு பிடி முருங்கையிலையும் இட்டு, ஈற்றில் அரைக் கோப்பை முதற்பால் விட்டுக் கொதி எழுமுன் இறக்குக. பால் கொதித்தால் திரிந்துவிடும். சிவப்பரிசிச் சோற்றின் மேல் இச்சாற்றை வார்த்து உண்டால், வேறு கறி தேவையில்லை.

இதனோடு பருகத்தக்கது யாது? மேனாட்டார் இத்தகைய உணவிற்குச் சற்றே இனிப்பும் புளிப்புமுள்ள வெண்ணிறத் திராட்சை மதுவைத் தெரிவர். காரணம் எளிது: வெறியம் மிகுந்தால் மிளகின் காரம் நாவில் மேலும் எரியும்; செந்நிற மதுவின் துவர்ப்போ அக்காரத்தோடு சேர்ந்து கசக்கும். இவ்விதிக்கு இயல்பாகவே இசைவது, இறக்கிய அன்றே அருந்தும் தென்னங்கள். நேரம் ஏற ஏற அதன் இனிப்புக் குன்றி வெறியம் கூடும். பின்னர் அது வினாகிரியாகப் புளிக்கும். மது விலக்கும் இல்லங்களில் இளநீரே நாவைக் குளிர்விக்கும்.

இறுதியாக ஒன்று. வயிற்று மடல் குறுகி முக்கோணமாயிருப்பது ஆண். அகன்று வளைந்திருப்பது பெண். அம்மடலின் கீழே முட்டைத் திரள் வெளிப்படத் தோன்றினால், அந்நண்டை வாங்கலாகாது. சேற்று நண்டின் பெண், முகத்துவாரம் வழியே கடல் சென்று, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமந்து பொரிக்கும். அக்குஞ்சுகளுட் சிலவே தப்பிப் பிழைத்து, மீண்டும் கண்டல் நிழலை அடைவன. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடுவதும், மாரி வெள்ளத்தில் அது திறப்பதும் உண்டு. கண்டலை வெட்டுவோரும் உளர். இத்தனை இடர்களையும் கடந்து வரவேண்டிய உயிரை ஒரு வேளைச் சாற்றுக்காக அழித்தால், நாளை சட்டி இருக்கும், நண்டு இராது. முட்டை சுமந்த நண்டை வாங்க மறுக்கும் இல்லத்தரசியும் வாவியின் காவலரே ஆவார்.