குழாயடிக் கணக்கு – 9: பையும் நோட்டும்

நியூ ஜெர்சி ஐசலினின் ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் தம்பி. அங்கே ஞாயிறு விடிந்திருக்கவில்லை. "அண்ணா, பணம் கட்டினவங்களுக்கே 'கட்டலை'ன்னு லெட்டர் போயிருக்கு."

அது ஒரு காப்பீட்டு நிறுவனம், பெயர் வேண்டாம். பிரீமியம் வந்ததும் அவர்கள் டேட்டாபேஸில் இரண்டு வேலை நடக்கும். வரவு டேபிளில் ஒரு வரி சேரும். பாலிசி டேபிளில் 'நிலுவை' என்பது 'நடப்பு' ஆகும். இரண்டும் ஒரே ட்ரான்சாக்‌ஷன். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் கிடையாது. அங்கே ஒரு குறையும் இல்லை. கோளாறு எங்கள் பைப்லைனில்தான்.

இரண்டு டேபிளின் மாற்றங்களையும் தனித்தனி காஃப்கா டாபிக்கில் வாங்கி, பாலிசி எண்ணை வைத்து ஜாயின் போட்டிருந்தோம். வரவு முந்திக்கொண்டு வந்துவிட்டது; பாலிசி வரி பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜாயின் கையிலிருந்த பழைய 'நிலுவை'யையே வரவோடு சேர்த்து எழுதிவிட்டது. புது வரி வந்து சேர்ந்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரவு வந்தால் மட்டும் கண்விழிக்கும் வகை ஜாயின் அது. லாக்கில் ஒரு எர்ரர் கிடையாது. எல்லாம் பச்சை.

கல்யாண வீட்டு மொய் மேசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் காசை எண்ணி வாங்குவார், பக்கத்திலிருப்பவர் நோட்டில் பேர் எழுதுவார். பையை ஒரு பையனிடமும் நோட்டை இன்னொருவனிடமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, முதலில் வந்ததை வைத்துக் கணக்குப் பார்த்தால் சண்டைதான் வரும். நாங்கள் செய்தது அதுதான்.

இத்தனைக்கும் ஒரு ட்ரான்சாக்‌ஷனின் எல்லை எங்கே என்று டேட்டாபேஸின் லாக்கிலேயே எழுதியிருக்கிறது. மாற்றத்தை முதலில் லாக்கில் எழுது, டேட்டாவை அப்புறம் வட்டில் எழுது என்ற ஏற்பாட்டுக்கு மேல் ஏரீஸ் என்ற மீட்பு முறையை 1992-இல் விரிவாக எழுதியவர்களில் முதல் பெயர் சி.மோகன். தமிழ்நாட்டுக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, 1981-இல் டெக்சாஸ் ஆஸ்டினில் டாக்டர் பட்டம் வாங்கி, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்துக்குப் போனவர். சிஸ்டம் விழுந்து எழுந்தால் நடந்ததையெல்லாம் முதலில் அப்படியே திரும்ப நடத்து, கமிட் ஆகாததைப் பிறகு பின்வாங்கு என்பது அவர்கள் முறை. அதாவது எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று லாக்குக்குத் தெரியும். அந்த லாக்கைப் படித்துத்தான் எங்கள் பைப்லைனே ஓடுகிறது. படித்த கையோடு எல்லைக்கோட்டை மட்டும் தூக்கிப் போட்டிருந்தோம்!

லாக்கைப் படிக்க நாங்கள் பயன்படுத்திய டெபீசியம் என்ற கருவியில் இதற்கு ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால் ட்ரான்சாக்‌ஷன் தொடங்கியது, முடிந்தது, மொத்தம் இத்தனை மாற்றம் என்று தனியாகச் செய்தி வரும். அந்த எண்ணிக்கை நிறையும்வரை வரிகளைப் பிடித்துவைத்து, அப்புறம் ஜாயின் செய்தோம். ஒரே வரி இரண்டு முறை வந்தாலும் ஒரே முறை பதியும்படி ட்ரான்சாக்‌ஷன் எண்ணையும் சாவியில் சேர்த்தோம். மாதக் கடைசியில் ராட்சச ட்ரான்சாக்‌ஷன் ஒன்று வரும்போது மெமரி திணறும். அந்தக் கதை தனி.

வங்கியிலிருந்து வரும் ஃபைலுக்கு இந்த வித்தை பலிக்காது. இரண்டு நிறுவனங்களுக்குப் பொதுவான கமிட் இல்லை. 1987-இல் 'சாகா' என்ற யோசனையைச் சொன்ன கார்சியா-மோலினாவும் சேலமும் அப்போது பிரின்ஸ்டனில் இருந்தார்கள்; இங்கே மெட்ரோபார்க்கில் ரயில் ஏறினால் போய்விடலாம். நீண்ட வேலையைச் சிறு சிறு ட்ரான்சாக்‌ஷனாக வெட்டு, நடுவில் தவறினால் முடிந்தவற்றுக்கெல்லாம் ஈடு செய் என்றார்கள். தபாலில் போன கடிதத்தை ரோல்பேக் செய்ய முடியாது. ஈடாக மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம்.

திங்கட்கிழமை அனுப்பினோம். யார் யாருக்கு என்ற பட்டியலை நான் அந்தப் பழைய ஜாயினிலிருந்தே எடுக்கப் போக, "அண்ணா, அதுலயா?" என்றார் தம்பி.

(தொடரும்)