ஒரே சட்டி, ஒரே மேசை: பிள்ளைகளோடு யப்பானியக் கறி சமைப்போம்

புலம்பெயர்ந்து வந்து ஓரிரு வருடங்கள் கழிந்ததும் எமது வீடுகளில் ஒரு முறைப்பாடு எழத் தொடங்குகிறது. "பிள்ளை சோறு கறி சாப்பிடுறான் இல்லை. உறைக்குதாம்." பாடசாலைச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கு வீட்டுக் கறியை ஒதுக்குகிறது. அம்மா பிள்ளைக்கு வேறாகவும் பெரியவர்களுக்கு வேறாகவும் சமைக்கிறார். பின்னர் சாப்பிடும் நேரமும் இடமும் வேறாகிவிடுகின்றன. பெற்றோரும் பிள்ளையும் தமிழில் கதைக்கக் கிடைக்கும் அந்த அரைமணி நேரமும் அதோடு போய்விடுகிறது.

இதற்கு ஒரு வழியாக நாம் இங்கு தருவது யப்பானியக் கறி. பிள்ளையும் பெரியவர்களும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடக்கூடிய, பிள்ளையும் கூட நின்று சமைக்கக்கூடிய கறி இது.

கறி 'கரே' ஆன கதை

யப்பானியர் இதனைக் 'கரே' என்பர். எமது 'கறி' என்ற சொல்லே ஐரோப்பியர் வாயில் 'கரி' ஆகி, யப்பானில் 'கரே' ஆயிற்று. இந்தியாவிலிருந்து நேரே போகாமல், ஆங்கிலேயர் வழியாகவே இந்தக் கறி யப்பானை அடைந்தது. ஆங்கிலேயர் மா சேர்த்துத் தடிப்பாக்கிய குழம்பாக அதனைச் சமைத்தனர். 1872ம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த மேல்நாட்டுச் சமையல் நூல்களில் கறியின் செய்முறை உண்டு. அவற்றுள் ஒன்று தவளை இறைச்சியைச் சேர்க்கச் சொல்கிறது! 1908ல் யப்பானியக் கடற்படையின் சமையல் நூலிலும் கறிச்சோறு இடம்பெற்றது.

கறியோடு யப்பானில் வாழ்ந்த ஒரு அகதியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இந்திய விடுதலைப் போராளியான ராஷ் பிகாரி போஸ், ஆங்கிலேயரின் தேடுதலுக்குத் தப்பி 1915ல் யப்பானுக்குச் சென்றார். அவரை நாடு கடத்த உத்தரவு பிறந்தபோது, ரோக்கியோவின் சிஞ்ஜுக்கு பகுதியில் 'நக்கமுறயா' என்ற வெதுப்பகத்தை நடத்திவந்த சோமா குடும்பத்தினர் அவரைத் தமது இடத்தில் மறைத்து வைத்துக் காத்தனர். 1918ல் அக்குடும்பத்தின் மகளையே அவர் மணந்தார். 1927ல் அங்கு தேநீர்ச்சாலை திறக்கப்பட்டபோது, எலும்போடு கூடிய கோழித்துண்டுகளும் வாசனைத் திரவியங்களும் சேர்ந்த இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். அக்கறி இன்றும் அங்கு பரிமாறப்படுகிறது. அடைக்கலம் தந்த வீட்டுக்கு அவர் கொடுத்தது தன் ஊர்ச் சமையலை.

வீடுகளில் செய்யும் கறி வேறு வழியில் வளர்ந்தது. அது நெடுங்காலம் பெரியவர்களுக்குரிய உறைப்பான உணவாகவே கருதப்பட்டது. 1963ல் ஹவுஸ் என்ற நிறுவனம் அப்பிளும் தேனும் சேர்த்த 'வேர்மொன்ற்' கறிக்கட்டியை விற்பனைக்கு விட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாகச் சாப்பிடவேண்டும் என்பதே அதன் நோக்கம். எமது வீட்டு முறைப்பாடு அவர்களுக்கும் இருந்திருக்கிறது!

தேவையானவை (4 பேருக்கு)

கோழி இறைச்சி 400 கிராம், வெங்காயம் 2, உருளைக்கிழங்கு 3, பெரிய கரட் 1, அப்பிள் பாதி, தண்ணீர் 700 மில்லிலீற்றர், பட்டர் 50 கிராம், கோதுமை மா 4 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, தக்காளி சோஸ் 1 மேசைக்கரண்டி, உப்பு அளவுக்கு.

தூளுக்கு: மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி, வெந்தயத்தூளும் மிளகுத்தூளும் ஒவ்வொரு சிட்டிகை. எமது வறுத்த மிளகாய்த்தூள் இதற்கு வேண்டாம்.

சைவ உணவுக்காரர் இறைச்சிக்குப் பதிலாகக் காளானும் கத்தரிக்காயும் போடலாம்.

கடைகளில் விற்கும் கறிக்கட்டி வேலையைச் சுருக்கும். ஆனால் பல கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். விலக்கு உள்ளவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்தே வாங்கவேண்டும்.

பிள்ளையின் வேலை

மூன்று வயதுப் பிள்ளை கிழங்கைக் கழுவும், எண்ணும், வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை உரிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை காளானைக் கூரில்லாத சிறு கத்தியால் வெட்டும், மாவையும் தூளையும் கரண்டியால் அளக்கும். யப்பானில் பிள்ளைகளுக்கு வெட்டப் பழக்கும்போது 'பூனைக்கை' என்று சொல்லிக் கொடுப்பார்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல்களைப் பூனையின் பாதம்போல் உள்ளே மடித்து வைத்தால் கத்தி விரலில் படாது. இதை நாமும் எமது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பச்சை இறைச்சியும் அடுப்பும் பெரியவர்களின் பொறுப்பு. இறைச்சி தொட்ட கையையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவவும். சட்டியின் கைபிடி எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

செய்முறை

சிறிது எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, கரட்டையும் கிழங்கையும் சேர்க்கவும். தண்ணீர் விட்டுக் கொதித்ததும், நுரையை அகற்றி, இளந்தீயில் 20 நிமிடம் அவிய விடவும். துருவிய அப்பிளையும் இதிற் போடவும்.

வேறொரு தாச்சியில் பட்டரை உருக்கி, மாவை இட்டு, தீயைக் குறைத்து, இளம் மண்ணிறமாகும்வரை 10 நிமிடமளவில் கைவிடாது கிளறவும். பின் தூள்களைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி இறக்கவும். இதில் ஓரிரு அகப்பை கறித்தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமற் கரைத்து, கறிச்சட்டியில் ஊற்றவும். சோஸ் வகைகளையும் உப்பையும் சேர்த்து, அடிபிடிக்காமற் கிளறி, மேலும் 10 நிமிடம் கொதிக்க விடவும். அகப்பையிலிருந்து மெதுவாக வழியும் தடிப்பே சரியான பதம்.

கடைக்கறிக்கட்டி போடுவோர் மா, தூள், பட்டர் ஆகியவற்றை விட்டுவிடலாம். காய்கள் அவிந்தபின் அடுப்பை அணைத்து, கட்டியைக் கரைத்து, மறுபடி இளந்தீயில் வைக்கவும். சொக்கிளேற் போன்ற அக்கட்டியை முன்னரே உடைத்துத் தரும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

தேன் சேர்ப்பதானால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அக்கறியைக் கொடுக்கக்கூடாது.

கோப்பையின் ஒரு பாதியில் சோறும் மறு பாதியில் கறியுமாகப் போட்டுக் கரண்டியாற் சாப்பிடுவது யப்பானிய வழக்கம். உறைப்பு வேண்டிய பெரியவர்கள் தமது கோப்பையில் கட்டைச் சம்பலோ ஊறுகாயோ வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கென வேறு சட்டி வேண்டியதில்லை.

குசினியும் ஒரு தமிழ்ப் பாடசாலைதான்

கழுவு, உரி, நறுக்கு, கிளறு, பதம், மணம், தடிப்பு. இந்தச் சொற்களைப் புத்தகத்தில் எழுதிப் படிப்பிப்பதைவிட, கையில் கிழங்கோடு நிற்கும் பிள்ளைக்குச் சொன்னால் மறக்காது. பிள்ளை வேற்று மொழியில் பதில் சொன்னால் ஏசவேண்டாம். அதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்யும் பெற்றோருக்கும் ஒரு மாலைப்பொழுது கிடைக்கும். அம்மாவுக்கு வேலையென்றால் அப்பா சமைக்கட்டும்.

தான் கழுவி எண்ணிப் போட்ட கிழங்கைப் பிள்ளை வேண்டாமென்று தள்ளுவது அரிது. இன்று இனிப்பான இந்தக் கறியைச் சாப்பிடும் பிள்ளைக்கு அடுத்த முறை ஒரு சிட்டிகை மிளகு கூட்டலாம். அதற்கடுத்த மாதம் கால் தேக்கரண்டி எமது வறுத்த தூள். மெல்ல மெல்ல அம்மம்மாவின் கறிக்கும் அந்த நாக்கு வந்து சேரும். வருகிற சனிக்கிழமையே பிள்ளையைக் குசினிக்கு அழையுங்கள்.