கடிவாளம் மூளையின் கையில்

கென்யாவின் அம்போசெலி சமவெளியில் 1971 முதல் ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் குழுவினர் பபூன் குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். எது எப்போது பிறந்தது, அதன் தாய் யார், முதல் மாதவிடாய் எப்போது வந்தது என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு உண்டு. கிழங்கு தோண்டியும் விதை பொறுக்கியும் பகலெல்லாம் அலைந்து வயிறு நிரப்பும் பெண் பபூன் ஏறத்தாழ நாலரை வயதில் பருவமெய்தும். அக்கூட்டங்களில் ஒன்று, சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பைக் குழியை அண்டி வாழத் தொடங்கியது. அலைச்சல் குறைந்தது, தின்ன எப்போதும் ஏதாவது கிடைத்தது. காட்டில் இரை தேடிய பெண்களின் உடலில் கொழுப்பு சுமார் 2 சதவீதம்தான். விடுதிக் கூட்டத்துப் பெண்களுக்கோ சுமார் 23 சதவீதம். அவற்றுக்குப் பருவமும் முந்தி வந்தது. அதே இனம், அதே சமவெளி, மாறியது சாப்பாடு.

மனிதப் பெண்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வடக்கு ஐரோப்பாவில் ஒரு பெண் வயதுக்கு வர 16, 17 ஆயிற்று. நூறாண்டில் அது 13க்கு இறங்கியது. நல்ல சாப்பாடும் குறைந்த தொற்றுநோயுமே அதற்குப் பெரும் காரணம். அதை நல்ல செய்தியாகத்தான் நான் பார்க்கிறேன். டென்மார்க்கின் கோபன்ஹேகன் கணக்கோ கவலையைத் தருகிறது. 1991இல் அங்கே சிறுமிகளுக்கு மார்பு வளரத் தொடங்கிய சராசரி வயது 10.88. 2006இல் 9.86. ஆனால் முதல் மாதவிடாய் சில மாதங்கள் மட்டுமே முந்தியது. அதாவது, பருவத்தின் வாசலில் ஒரு சிறுமி நிற்கும் காலம் நீண்டுவிட்டது. உடற்பருமன் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பிளாஸ்டிக்கிலும் பூச்சிமருந்திலும் உள்ள சில ரசாயனங்கள் மீதும் சந்தேகம் உண்டு. நம் வீடுகளில் பழி முழுக்க பிராய்லர் கோழி மீதுதான் விழுகிறது. அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசி என்பது வெறும் வதந்தி.

எப்போது பருவமெய்துவது என்ற முடிவை உடல் எப்படி எடுக்கிறது? சினைப்பை சிறுவயதில் இன்னும் முதிரவில்லை, முதிர்ந்ததும் பருவம் வருகிறது என்று எண்ணுவது இயல்பு. அறிவியலும் சினைப்பையைச் சுற்றியே வெகுகாலம் யோசித்தது. அது சுரக்கும் துளி ஈஸ்ட்ரோஜனே சிறுமியின் மூளையை அடக்கி வைத்திருக்கிறது என்ற விளக்கம் செல்வாக்குடன் இருந்தது. அதைக் குலைத்தவை குரங்குகள். பிறந்தவுடன் சினைப்பை அகற்றப்பட்ட செம்முகக் குரங்குக் குட்டிகளிலும், சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் சில மாதம் உயர்ந்திருந்து, பிறகு தாமாகவே அடங்கின. பருவ வயதில் மீண்டும் எழுந்தன. அடக்க சினைப்பையே இல்லாதபோதும் அடங்குகிறதென்றால், கடிவாளம் மூளையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1980இல் வெளியிட்ட சோதனை இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. இன்னும் பருவமெய்தாத, குழந்தைப் பிராயத்துப் பெண் குரங்குகள். ரத்தக் குழாயில் ஒரு மெல்லிய குழல், வெளியே ஒரு பம்ப். மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை அந்தப் பம்ப் மணிக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் செலுத்தும், பிறகு ஓய்வு. விரைவிலேயே பிட்யூட்டரி விழித்தது, கருமுட்டை வெளிப்பட்டது, மாதவிடாய் வந்தது. எல்லா உறுப்பும் ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தன. பம்பை நிறுத்தியதும் அந்தக் குரங்குகள் மறுபடி குட்டிகளாகவே ஆயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அதே குழு இன்னொன்றையும் கண்டிருந்தது: இந்த ஹார்மோனை விட்டுவிட்டுக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது, இடைவிடாமல் கொடுத்தால் அடங்கிப் போகிறது. இத்தனைக்கும் உடலைத் தந்த அந்தக் குட்டிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நான் இலேசாக எண்ணவில்லை.

ஹைப்போதலாமஸ் இப்படி விட்டுவிட்டுச் சுரக்கும் துடிப்பைச் சிறுவயதில் அடக்கி வைப்பது எது? விஸ்கான்சினில் எய் தெராசாவா, காபா என்னும் நரம்புவேதிப்பொருள் அந்தத் தடையில் பங்கேற்பதைப் பெண் குரங்குகளிலேயே காட்டினார். 2003இல், பருவமே எய்தாதவர்கள் இருந்த சில குடும்பங்களை ஆராய்ந்தபோது கிஸ்பெப்டின் என்ற மூலக்கூறின் வேலை தெரியவந்தது. துடிப்பை முடுக்கிவிடுவது அதுதான். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின், உடலில் இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது.

மூளை கணக்கில் எடுப்பது கொழுப்பை மட்டுமல்ல. திறந்தவெளியில் வளரும் செம்முகக் குரங்குக்கு முதல் கருமுட்டை வெளிப்படுவது இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். இரண்டரை வயதில் அந்தப் பருவகாலத்தைத் தவறவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் அடிவாங்கி வளரும் பெண்ணுக்குப் பருவமெய்துவது தள்ளிப்போவதும் உண்டு. மார்மோசெட் குரங்குக் குடும்பத்தில் தலைவி இருக்கும்வரை மற்றப் பெண்களில் பலவற்றுக்குக் கருமுட்டையே வெளிப்படாது. எத்தியோப்பியாவின் சிமியன் மலைகளில் வாழும் ஜெலாடா குரங்குகளைப் பற்றி வந்த ஆய்வு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. கூட்டத்துக்குப் புதிய தலைவன் வந்து சேர்ந்ததும் இளம் பெண்களின் ஈஸ்ட்ரோஜன் எகிறியது. எதிர்பார்த்த வயதுக்கு முன்பே முதிர்ந்தவையும் அவற்றில் இருந்தன.

மனிதச் சிறுமிகளுக்கும் பருவம் முந்துவதுண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது இத்தாலியிலும், பிறகு துருக்கியிலும் இந்தியாவிலும், முன்கூட்டியே பருவமெய்திய சிறுமிகள் அதிகமாக வருவதாகக் குழந்தை மருத்துவர்கள் எழுதினார்கள். எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். வேகமாக உயரும் குழந்தையைக் கண்டு வீட்டில் மகிழ்வார்கள். ஆனால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிவிட்டால், வகுப்பில் நெட்டையாக இருந்தவள் பெரியவளானதும் குட்டையாகவே நின்றுவிடுவாள். இன்று அதற்கு ஊசி இருக்கிறது, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ. உள்ளே இருப்பது ஜி.என்.ஆர்.எச்.சின் நீடித்து வேலை செய்யும் வடிவம். இடைவிடாமல் இருப்பதால் பிட்யூட்டரி அடங்குகிறது, குழந்தை மீண்டும் குழந்தையாக வளர்கிறாள். ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதோ என்பதுதான் அம்மாக்களின் பயம். வழக்கமாகப் பதினோரு வயது வாக்கில் ஊசியை நிறுத்துகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அதன்பின் ஓரிரு ஆண்டுக்குள் மாதவிடாய் தானாகவே தொடங்கிவிடுகிறது.