நாற்று சாய்ந்த பிறகு மருந்து எதற்கு?

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்காலில் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலை படுத்துக் கிடக்கும். இலை பச்சை மாறியிருக்காது. மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் நீர்கோத்து, நூலாக இளைத்திருக்கும். இதுதான் நாற்றழுகல். பெரும்பாலும் காரணம் பித்தியம் என்னும் பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிரி. இதன் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்திப்போய் அடுத்த வேரைப் பிடிக்கும் என்பதால் ஓரிடத்தில் தொடங்கிய அழுகல் வட்டமாகப் பரவுகிறது. விழுந்த நாற்றை எந்த மருந்தும் எழுப்பாது. லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றினால் சுற்றியுள்ளவை பிழைக்கலாம், அவ்வளவுதான். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் கார்பென்டாசிமோ பித்தியத்தை ஒன்றும் செய்யாது. ஆகவே காசைக் கொட்டவேண்டிய இடம் மருந்துக்கடை அல்ல. விதைப்பதற்கு முன் பாத்தியில் செய்யும் வேலைதான் நாற்றைக் காக்கும்.

அரையடி உயர மேட்டுப்பாத்தி, வரிசை விதைப்பு, மட்கிய தொழுவுரம், காலையில் மட்டும் பூவாளி நீர்: இவை பழைய சங்கதிகள்தான். வெயில் காலத்தில் ஒருவேளைத் தண்ணீர் போதாதே என்பார்கள். போதாதபோது ஊற்றத்தான் வேண்டும். ஆனால் மேல்மண் உலர்ந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகு. இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும் பாத்திதான் ஆபத்து. அழுகலை எதிர்க்கும் நன்மை நுண்ணுயிரிகளில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது விதை நேர்த்திக் கணக்கு. மாடித்தோட்டத்துக்காரரின் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். 'கம்பெனி விதையில்தான் மருந்து பூசியிருக்கிறதே' என்ற வாதம் பாதி சரி. அந்தப் பூச்சு முளைவிடும் சில நாள்களுக்குக் காவல் நிற்கும், சேறான மண்ணை அது திருத்தாது. பூஞ்சாண மருந்து பூசிய விதையில் டிரைக்கோடெர்மாவையும் தடவினால் மருந்து அதையே கொன்றுவிடலாம். அப்போது அதைத் தொழுவுரத்தில் கலந்து மண்ணுக்குக் கொடுப்பது மேல்.

அழுகல் மண்ணுக்குள்ளேயே விதையைத் தின்றுவிட்டால் முளைப்பே தெரியாது. பழி விதைமேல் விழும். சில சமயம் அது நியாயமாகவும் இருக்கும். சட்டப்படி முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 விழுக்காடு, மிளகாய்க்கு 60. வாங்கும்போது ரசீது தரவேண்டியது விற்பவர் கடமை, கேட்டு வாங்குங்கள். லாட் எண் உள்ள பாக்கெட்டோடு கொஞ்சம் விதையையும் எடுத்துவைத்து, ஈரத்துணியில் சுற்றி 14 நாள் பாருங்கள். துணியில் நன்றாக முளைத்து பாத்தியில் முளைக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பாத்தியில்தான். துணியிலும் முளைக்காவிட்டால் வேளாண்மைத் துறையின் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் நாடலாம். விவசாயியும் நுகர்வோரே என 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதைத்தது போக மாதிரி எடுத்துவைக்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளிவிட முடியாது என்பதும் அதே தீர்ப்புதான்.