ஆமி வருவதற்கு முன்

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தகராறு. கறிக்குள் கிடந்த ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டி, அது கருத்தடை மருந்துதானே என்று வாடிக்கையாளர்கள் மிரட்டிக் கேட்கிறார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத காசாளர் ஆமோதித்துத் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் கைபேசிகளில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்துச் சொன்னது, அது வெறும் மாவுக் கட்டி என்பதுதான்.

அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகனவில் வேறொரு சம்பவத்தைச் சாட்டிக் கலவரம் மூண்டது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் தெருவில் இறங்கியது. பேஸ்புக் சில நாட்கள் முடக்கப்பட்டது. கண்டி வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

எரிகிற தெருவுக்குக் காவல் நிற்க ஆமியால் முடியும். வதந்தி பிறக்கும் நிமிடத்தில் அதை மறிக்க ஆமியால் முடியாது. இலங்கைப் படைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும். இரண்டு இலட்சத்துக்கு மேல் அனுமதிக்கப்பட்ட இராணுவ ஆளணியை முதலில் 135,000ஆகவும், 2030க்குள் 100,000ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த அறிவிப்பு, அதுவும் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த மறு வருடம்.

ஆட்கள் குறைந்தால் எஞ்சும் வேலைகளை யார் பார்ப்பது? பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையில் இதற்குச் சான்றுகள் நிறையக் கிடக்கின்றன.

2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். எந்த மாவட்டத்தையும் விட அம்பாறையில்தான் இழப்பு அதிகம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கடலோரத்தில் வீடுகள் வரிசை வரிசையாக அழிந்தன. முதல் மணித்தியாலங்களில் இடிபாட்டுக்குள் இருந்து ஆட்களை இழுத்தெடுத்தவர்கள் அயல்வீட்டாரும் ஊர் இளைஞர்களும். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முகாம்களாயின. கடலுக்குத் தள்ளி இருக்கும் சம்மாந்துறை வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டது. அதிரடிப்படையும் இராணுவமும் வந்த பிறகுதான் கனரக இயந்திரம், ஹெலிகொப்டர், பாதை திறப்பு எல்லாம். அவற்றை வேறு யாராலும் கொண்டுவந்திருக்க முடியாது என்பதும் உண்மை.

2019இலும் ஏறக்குறைய இதே வரிசை. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்திய உளவுத்துறை எச்சரித்தும் கொழும்பு அசையவில்லை. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பின் எழுந்த வொலிவேரியன் குடியிருப்பில், புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவர்கள்மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. அன்றிரவு படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்த, குண்டுதாரிகளைச் சேர்ந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தனர். ஆறு பிள்ளைகள் உட்படப் பதினைந்து உடல்கள். தலைநகரில் கடிதமாகக் கிடந்த எச்சரிக்கை செய்யாததை, வாடகைக்கு வந்த முகங்களைக் கவனித்த அயலார் செய்தார்கள்.

அப்படி உதவிய சமூகத்துக்கு அடுத்த வருடம் கிடைத்தது வேறு. கொவிட் தடுப்பு தேசியச் செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைவர். கொவிட்டில் இறந்தோருக்குத் தகனம் மட்டுமே என்ற விதி 2021 பெப்ரவரி வரை இருந்தது. அடக்கம் அனுமதிக்கப்பட்டதும் ஊர் மையவாடிகளுக்கு இடமில்லை. கல்முனை ஜனாஸாவும் மட்டக்களப்பைத் தாண்டி ஓட்டமாவடிக்குத்தான் போக வேண்டும், இராணுவ மேற்பார்வையில். ஓராண்டில் அங்கே அடக்கப்பட்டவர்கள் 3,600க்கு மேல். மண்வெட்டி பிடித்த சிப்பாய்மீது குறை சொல்ல ஏதுமில்லை, குறை கட்டளையில். கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சுகாதார அதிகாரி கையாள வேண்டிய நோயைச் சீருடை கையாண்டபோது, அயலாரைத் தகவல் சொல்லவைத்த அந்த நம்பிக்கைதான் அடிபட்டது.

சவால்களின் முகம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஒக்டோபர் 23 அன்று, அறுகம்பையில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேலியப் பயணிகள் அதிகம் வரும் இடம் அது; காஸாப் போர் பொத்துவில் கடற்கரைக்கு வந்துசேர இவ்வளவு நேரந்தான். ஒலுவிலில் இன்னொரு விதம்: 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் மூட, பக்கத்துக் கரைகளைக் கடல் தின்கிறது. இதற்கு எந்தப் படையணியை அனுப்புவது?

அறுகம்பை எச்சரிக்கைக்கு ஒரு மாதம் கழித்து, நவெம்பர் 26. மழையால் மத்ரசா விடுமுறை விட, நிந்தவூரிலிருந்து மாணவர்கள் வீடு திரும்புகிறார்கள். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் கடந்து ஓடுகிறது. பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி நீரில் புரண்டது. ஐந்து மாணவர்கள் மீட்கப்பட்டனர். ஆறு பேர் ஜனாஸாக்களாகவே கிடைத்தனர். படையினரும் ஊராரும் சேர்ந்து நாட்கணக்கில் தேடினார்கள். அன்று தேவைப்பட்டது வீதியின் இரு முனையிலும் ஒரு தடுப்பு, அதன் பக்கத்தில் அதிகாரமுள்ள ஒருவர், ஒரு படகு. 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

1970 சூறாவளியில் இலட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த வங்காளதேசம், செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து கரையோரக் கிராமங்களில் தொண்டர்களைப் பயிற்றியது. ஒலிபெருக்கியோடு வீதி வீதியாகப் போய் மக்களைத் தங்குமிடங்களுக்கு அழைப்பவர்கள் அவர்களே. பிந்திய சூறாவளிகளில் அங்கே மரணம் பல மடங்கு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2018 கேரள வெள்ளத்தில் வள்ளங்களை லொறியில் ஏற்றிவந்த மீனவர்களை அந்த மாநிலம் தன் சொந்தப் படை என்றே கொண்டாடியது. கல்முனையிலும் வள்ளம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கடலறிந்த ஆட்கள் உண்டு.

இல்லாதது பொறுப்பேற்கும் உள்ளூர் அமைப்பு. 2025 மே 6 நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கு ஒன்று நிலுவையில் இருந்ததால் கல்முனை மாநகர சபைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. படைக்குறைப்பில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கரைக்கு வர வேண்டும்: பிரதேச செயலகம் ஒவ்வொன்றுக்கும் படகு, உயிர்காப்பு அங்கி, பயிற்சி பெற்ற இளைஞர் பட்டியல், வெள்ளம் கடக்கும் வீதியை மூடும் அதிகாரம். அடுத்த மாரிக்கு முன் இதைக் கேட்க வேண்டியவர்கள், வாக்குக் கேட்டு இந்த ஊர்களுக்கு வரும் எம்பிக்கள்.