பழைய கணினியை எடைக்குப் போடுமுன்...

பழுதான கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது நம் வியாபாரிகளின் வழக்கம். அதற்குள் கடைக்கு உதவும் சாமான்கள் இருக்கின்றன.

என் கடை ஷோகேஸ் விளக்குகள் எரிவது ஒரு பழைய கணினியின் பவர் சப்ளையில்தான். அதன் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் வரும். பச்சை வயரைக் கறுப்புடன் இணைத்தால் கணினி இல்லாமலே இயங்கும். உள்ளிருக்கும் சிறிய ஃபேனும் 12 வோல்ட்தான். இந்த வேலையை மின் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஹார்ட் டிஸ்க்கினுள் இருப்பது பலமான நியோடிமியம் காந்தம். தையற்கடையில் சிந்திய குண்டூசிகளையும் ஹார்ட்வெயார் கடையில் சிதறிய ஆணிகளையும் நொடியில் பொறுக்கித் தரும். வங்கி அட்டைகளுக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள்.

காந்தத்தை எடுத்ததும் உள்ளிருக்கும் தட்டுகளைத் துணியில் சுற்றி உடைத்து விடுங்கள். கடன் கணக்கு, வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். அழித்த கோப்புகளையும் மீட்க முடியும். நம் நாட்டில் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

வீண்விரயத்தைத் தவிர்ப்பது நமக்கு இலாபம். வாடிக்கையாளர் நம்பித் தந்த தகவலோ அமானிதம். எடைக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாவுக்கு அதையும் சேர்த்து விற்று விடக்கூடாது.